ஏரி தனியாருக்கு, வெள்ளம் எல்லோருக்கும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஈடன்வில் மண் அணை 2020 மே 19 ஆம் திகதி மாலை உடைப்பெடுத்தது. அதன் பின்னால் தேங்கியிருந்த விக்ஸம் ஏரியின் நீர் கீழேயிருந்த சான்போர்ட் அணையையும் மேவிப் பாய்ந்து, மிட்லண்ட் நகரின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. பத்தாயிரம் பேர் வரையில் வெளியேற்றப்பட்டமையால் உயிரிழப்பு நேரவில்லை. எனினும், இவ்வனர்த்தத்துக்கு அடைமழையை மாத்திரம் காரணங்காட்டிவிட முடியாது என்றே நாம் கருதுகின்றோம்.

1920களில் நீர்மின் உற்பத்திக்கெனக் கட்டப்பட்ட இவ்வணை தனியார் நிறுவனமொன்றுக்குச் சொந்தமாயிருந்தது. ஏரியோ படகுச் சவாரிக்கும் மீன்பிடிக்கும் பேர்போனது. கரையோரக் காணிகளின் பெறுமதியே அதன் நீர்மட்டத்தில் தங்கியிருந்தது. பெருவெள்ளத்தை வெளியேற்றுவதற்கு வான்கதவுகள் போதாவெனச் சமஷ்டி எரிசக்தி ஆணைக்குழு ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வந்தது. பணமில்லை என்பதே உரிமையாளர் தரப்பின் பதில். ஈற்றில் 2018 இல் மின்னுற்பத்தி அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது.

இத்தண்டனையின் விளைவுதான் விசித்திரமானது. மின்சாரத்தால் கிடைத்த வருமானம் நின்றுபோயிற்று. அணையும் ஏரியும் இருந்தபடியே இருந்தன. மேற்பார்வைப் பொறுப்பு மாநில அரசுக்கு மாறியது. சமஷ்டி விதி கோரிய வெள்ள அளவில் அரைப்பங்கைச் சமாளித்தாலே அங்கு போதுமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணைகளைக் கவனிக்க வேண்டிய மாநிலப் பிரிவில் இருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அணை உடைவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் மாநில அரசு உரிமையாளருக்கு எதிராக வழக்கொன்றையும் தொடுத்தது. அனுமதியின்றி நீர்மட்டத்தைக் குறைத்து நன்னீர் மட்டிகளை மடியச் செய்தார் என்பதே குற்றச்சாட்டு! மட்டிகளைக் காப்பது பிழையென்று நாம் கூறவரவில்லை. ஆனால் அணையின் கீழே மனிதர்களும் வாழ்ந்தனர்.

சுயாதீன நிபுணர் குழு 2022 இல் வெளியிட்ட இறுதி அறிக்கை மற்றொன்றையும் வெளிப்படுத்தியது. உடைந்த இடத்தில் நீர் கட்டின் மேலால் வழியவில்லை. கட்டுமானத்தின்போதே சரிவர இறுக்கப்படாத மணல், ஏறிய நீர்மட்டத்தின் அழுத்தத்தில் திடீரென வலுவிழந்து திரவம்போல் நழுவியிருக்கின்றது. வான்கதவுகள் பற்றியே பல்லாண்டு வாதாடியவர்கள் கட்டின் உள்ளே இருந்த மணலைச் சோதிக்கவில்லை.

இழப்பை யார் ஏற்பது என்பது அமெரிக்காவில் பழைய கேள்வி. 1889 இல் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பேர்க் செல்வந்தர்களின் மீன்பிடிக் கழகத்துக்குச் சொந்தமான ஏரியின் மண் அணை உடைந்து ஜோன்ஸ்டவுனில் 2,200 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்த நீதிமன்றமும் அக்கழகத்தைப் பொறுப்பாளியாக்கவில்லை. ஈடன்வில் உரிமையாளர் நிறுவனமோ 2020 இலேயே வங்குரோத்து நிலையை அறிவித்தது. அணைகளை மிட்லண்ட், கிளாட்வின் மாவட்டங்கள் பொறுப்பேற்றன. மாநில அரசு 20 கோடி டொலர் வழங்கியும் போதவில்லை. எஞ்சிய செலவு, 20 கோடி டொலருக்கும் மேல், கரையோரக் காணிக்காரர் மீது விசேட வரியாகச் சுமத்தப்பட்டது. வெள்ளத்துக்குப் பின் வெற்றுச் சேற்று வெளியைப் பார்த்திருந்தவர்களும் அவர்களே.