தூசிப்படை

லைன்மேன் என்றால் நமக்கு மின்வாரியத்துக்காரர்தான். விளக்கு எரிகிறவரை அவர் ஞாபகம் வருவதில்லை. அணைந்தால்தான் தேடுவோம். சில வருடங்களுக்கு முன் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய கட்டுரை ஒன்று மொழிபெயர்ப்புக்காக என் மேஜைக்கு வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவரிடம் முதல் பக்கத்தைக் கொடுத்தேன். ‘அஃபென்சிவ் லைன்மேன்’ என்ற தொடரை அவர் ‘மரியாதையின்றி நடந்துகொள்ளும் மின் ஊழியர்’ என்று தமிழாக்கியிருந்தார். சிரித்துவிட்டுத் திருத்தினேன். கட்டுரையை முடித்தபோது, அவர் பாதி சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. அந்த மைதானத்து லைன்மேனையும் விளக்கு அணைந்தால்தான் தேடுகிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஓர் அணியில் 11 பேர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். பாய்ந்து வரும் எதிரிகளை மூன்று விநாடி நிறுத்திவைப்பதும், பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்க விதி இவர்களைச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. நம் பழைய இலக்கியத்தில் படையின் முன்னால் போகும் அணிக்குத் தூசிப்படை என்று பெயர். அந்தச் சொல்லைத்தான் இவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் வரும் கணக்கில் எத்தனை கஜம் வீசினார், ஓடினார், பிடித்தார் என்று எல்லாருக்கும் ஒரு பத்தி உண்டு. இந்த ஐவருக்குப் பத்தியே இல்லை. ஒலிபெருக்கியில் இவர்களுடைய எண் கேட்க வேண்டுமென்றால் தவறு செய்ய வேண்டும். எதிரியைச் சட்டவிரோதமாகப் பிடித்து நிறுத்தினால் ‘ஹோல்டிங்’. நடுவர் எண்ணைச் சொல்லி 10 கஜம் அபராதம் போடுவார். மொழிபெயர்ப்பாளனுக்கு இது புதிதல்ல. நன்றாக வந்தால் மூல ஆசிரியர் எழுதியது. பிழை வந்தால்தான் ‘யார் மொழிபெயர்த்தது?’ என்ற கேள்வி. கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது 1935 முதல் வழங்கப்படுகிறது. தூசிப்படையைச் சேர்ந்த ஒருவரும் வாங்கியதில்லை. 1973இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார்.

இப்படிப்பட்டவர்களை எப்படித் தேடுகிறார்கள்? உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கும் வணிக நிறுவனங்கள் அங்கே உண்டு. ஐந்து நட்சத்திரம் என்றால் பல்கலைக்கழகங்கள் வாசலில் வரிசையில் நிற்கும். குவார்ட்டர்பேக்கின் தோளை 17 வயதிலேயே ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். லைன்மேன் விஷயத்தில் இது சுலபமில்லை. 17 வயதில் நாம் பார்க்கும் உடம்பு வேறு, 22 வயதில் மைதானத்தில் இறங்கப் போகும் உடம்பு வேறு. எனவே தேர்ந்த பயிற்சியாளர்கள் பையனை மட்டும் பார்ப்பதில்லை. அப்பா அம்மாவின் உயரத்தைப் பார்க்கிறார்கள். கையின் நீளம், கணுக்காலின் வளைவு, எலும்பின் அகலம் எல்லாம் பார்க்கிறார்கள். கூடைப்பந்து ஆடுகிறானா என்று விசாரிப்பார்கள். பாதம் வேகமாக நகரும் என்பதற்கு அது அடையாளம். மல்யுத்தம் என்றால் இன்னும் சந்தோஷம். தாழ்ந்து நின்று எதிரியின் பலத்தைத் திருப்பிவிடும் வித்தை அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்தக் கலையில் பெயர் எடுத்தது ஐயோவா பல்கலைக்கழகம். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த மாநிலம். முதல்நிலைத் தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. ஐந்து நட்சத்திரக்காரர்கள் இங்கே அபூர்வம். 1999 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸ் இதே பல்கலைக்கழகத்தில் 1980களில் லைன்மேன்களுக்குப் பயிற்சி தந்தவர். பந்து பிடிக்கும் ‘டைட் எண்ட்’ ஆக வந்த ராபர்ட் கேலரியை அவர்கள் டேக்கிள் ஆக்கினார்கள். 2004இல் தொழில்முறைத் தேர்வில் நாட்டிலேயே இரண்டாவதாக அவர் எடுக்கப்பட்டார். பிராண்டன் ஷெர்ஃப் பள்ளியில் குவார்ட்டர்பேக் ஆடியவர். 2014இல் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் விருது வாங்கினார். டைலர் லிண்டர்பாம் தடுப்பாட்ட வரிசைக்காகச் சேர்க்கப்பட்டவர். 2021இல் நாட்டின் சிறந்த சென்டர் ஆனார். ஒருவர்கூடத் தொடங்கிய வேலையில் நிலைக்கவில்லை. இன்று இருப்பதைவிட நாளை ஆகக்கூடியதைப் பார்த்து எடுத்த ஆட்கள் இவர்கள்.

எடுத்தபின் வளர்க்க வேண்டும். 110 கிலோவில் வருகிற பையனை 135 கிலோவுக்குக் கொண்டுபோக வேண்டும். வேகமும் குறையக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளைச் சாப்பாடு, எடை தூக்கும் அறை, மீண்டும் சாப்பாடு. முதல் வருடம் பெரும்பாலும் ஆட்டத்தில் இறக்குவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்ற பழைய விதியின் பயன் இது. காத்திருக்கும் அந்த வருடத்துக்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். அந்த வருடத்தில்தான் அடிப்படை கற்பிக்கப்படுகிறது. மனித உடம்பு முன்னோக்கி ஓடப் பழகியது. லைன்மேனோ இடுப்பைத் தாழ்த்திப் பின்னோக்கிச் சறுக்கியபடி, முன்னோக்கிப் பாய்ந்து வருகிறவனைத் தடுக்க வேண்டும். கைகள் எதிரியின் மார்புக்குள் விழ வேண்டும். வெளியே போனால் அபராதம். எதிரணியின் நிலையைப் பார்த்துச் சென்டர் குரல் கொடுக்க, ஐவரும் ஒரே நேரத்தில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நால்வர் சரியாகச் செய்து ஒருவர் தவறினால் நால்வரின் உழைப்பும் வீண். இந்தப் பழக்கம் ஒரு மாதத்தில் வராது. மூன்று வருடமாவது ஆகும்.

அந்த மூன்று வருடத்துக்குத்தான் இப்போது நெருக்கடி. 2018இல் மாணவர்கள் வேறு பல்கலைக்கழகம் போக விரும்புவதைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. 2021இல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2024 முதல் படிப்பில் பிரச்னை இல்லாதவர்கள் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். சிறிய பல்கலைக்கழகம் மூன்று வருடம் சோறு போட்டு வளர்த்த டேக்கிளைப் பெரிய பல்கலைக்கழகம் நான்காம் வருடம் கூட்டிக்கொண்டு போகிறது. பிறகு யார் வளர்ப்பார்கள் என்பது சிறிய பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களின் கேள்வி.

அதே சமரசம் அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்கு 105 பேர் என்ற வரம்பையும் கொண்டுவந்தது. முன்பு 85 பேருக்கு உதவித்தொகை. அதற்கு மேல் சொந்தச் செலவில் பலர் சேர முடிந்தது. அப்படி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இரண்டு மூன்று இடம் மாற்றப்பட்டு லைன்மேன் ஆனவர்தான் ஜேசன் கெல்சி. பிலடெல்ஃபியா அணிக்கு 13 பருவம் ஆடிவிட்டு 2024இல் ஓய்வு பெற்றார். அவரைப் போன்ற இன்னொரு பையனுக்கு அந்த ஓரத்து இடம் இனிச் சுலபத்தில் கிடைக்காது.

ஆனால் பழைய காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று பயிற்சியாளர் அதிகச் சம்பளத்துக்கு எப்போது வேண்டுமானாலும் ஊர் மாறலாம். மாணவன் மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும். மைதானம் நிறையச் சம்பாதித்தது. சுவராக நின்றவனுக்கு உதவித்தொகைதான். உடம்பை ‘உருவாக்கும்’ அதிகாரம் முழுக்க ஒரு பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் 19 வயது லைன்மேன் ஜோர்டன் மெக்நேர் மே 29 அன்று ஓட்டப் பயிற்சியில் வெப்பத் தாக்குதலால் சுருண்டார். உடலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் முதலுதவி செய்யப்படவில்லை. ஜூன் 13 அன்று இறந்தார். சட்டரீதியாகவும் தார்மீகரீதியாகவும் பொறுப்பேற்பதாகப் பல்கலைக்கழகத் தலைவர் பின்னர் அறிவித்தார். 2021இல் மேரிலாண்ட் மாநிலம் அவர் பெயரில் ஒரு சட்டம் இயற்றியது. வீரர்களின் உடல்நலப் பாதுகாப்பும் பெயரைக் கொண்டு சம்பாதிக்கும் உரிமையும் அந்த ஒரே சட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே பையனைக் கட்டிப்போடுவது வழியல்ல. அவன் இருக்க விரும்பும்படி வளர்ப்பதுதான் வழி. 2015 முதல் சிறந்த தூசிப்படைக்கு, தனி ஆளுக்கல்ல, மொத்த வரிசைக்கும் சேர்த்து, ஜோ மூர் விருது தருகிறார்கள். ஃபெரன்ட்ஸுக்குப் பள்ளியிலேயே பயிற்சி தந்த ஆசானின் பெயர் அது. 2024இல் அந்த விருதை வாங்கியது பணபலம் கொண்ட எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. அங்கே யாரும் பெயரை விற்றுச் சம்பாதிக்க முடியாது. நட்சத்திரங்கள் அங்கே போவதில்லை. படிப்பு முடிந்து அதிகாரியாகும்போது ராணுவத்தின் எடை வரம்புக்குள் வர வேண்டும் என்பதால் அவர்கள் ஆளும் சிறியவர்கள். அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களில் வென்றார்கள். பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகியவர்கள் அவர்கள்.

விருதுக் கோப்பையின் எடை 800 பவுண்டு, அதாவது சுமார் 360 கிலோ. ஒருவரால் தூக்க முடியாது. என்றாவது இரவு விளையாட்டுச் சானலில் இந்த ஆட்டம் ஓடினால், ஒரே ஒரு முறை பந்தை விட்டுவிட்டு அந்த ஐவரைப் பாருங்கள். விளக்கு எரியும்போதே லைன்மேனைப் பார்த்ததாக இருக்கும்.