எல்லையை மாற்றுமுன் ஜனங்களைக் கேளுங்கள்

பொந்தியான் மாவட்டத்தின் தென்கோடியில், குக்கூப் மீன்பிடிக் கிராமத்துக்கு எதிரே, மனிதக் குடியிருப்பே இல்லாமல் 647 ஹெக்டேர் பரப்பில் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்கள் செறிந்து கிடக்கும் குக்கூப் தீவு, 1997-இல் ஜொகூர் மாநிலத்தின் தேசியப் பூங்காக்களில் ஒன்றாகவும், 2003-இல் தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் சதுப்புக் காடுகளோடு சேர்த்து ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு அந்தக் கௌரவம் 2022-இல்தான் கிட்டியது என்பதை எண்ணினால், நம் மாவட்டம் பெற்ற பேறு எத்தகையது என்பது விளங்கும். ஆயினும், அத்தீவின் பூங்கா அந்தஸ்து அரசிதழ் அறிவிப்பு ஒன்றினால் ரத்தான விஷயம், 2018-ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரிகைகள் எழுதிய பிறகே பொதுஜனங்களுக்குத் தெரிய வந்தது. தீவைச் சுல்தானக நிலமாக்கிப் பாதுகாப்பதே நோக்கமென்று விளக்கம் தரப்பட்டது. பூங்கா அந்தஸ்து நீடிக்க வேண்டுமென்று அப்போதைய மத்திய அமைச்சர் டாக்டர் சேவியர் ஜெயகுமார் வலியுறுத்தினார். நோக்கம் நல்லதென்றே கொள்வோம். அலைக்கும் காற்றுக்கும் அந்தக் காட்டையே அரணாக நம்பி, நீரின்மேல் தூண் நட்டு வீடு கட்டி வாழும் ஜனங்களின் அபிப்பிராயத்தை முன்கூட்டிக் கேட்க எந்த ஏற்பாடும் இல்லை என்பதே என் விசாரம்.

நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று அரசியல் சாசனம் வகுத்திருப்பதால், புத்ராஜெயா கேட்டுக்கொள்ளலாமே தவிர ஆணையிட முடியாது. மாநிலக் கஜானாவோ பெரும்பாலும் நிலத்தையும் வனத்தையும் நம்பியிருப்பது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென மத்திய அரசு 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய 6 கோடி வெள்ளி, 2024-ஆம் ஆண்டுக்கு 20 கோடியாக உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. அத்தனை மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ள அது போதாது.

மாவட்ட அளவில் ஆற்றக்கூடிய காரியமோ வேறு. பொந்தியானில் அன்னாசியும் செம்பனையும் விளையும் நிலத்தில் பெரும் பகுதி கரிச்சதுப்பு மண். அதில் ஒரு வடிகால் வெட்டிப் பார்த்தால், பால் கலவாத தேநீரின் நிறத்தில் நீர் ஊறி ஓடும். அந்த நீர் வடிய வடிய மண் சுருங்கி ஆண்டுதோறும் தாழ்கிறது. செம்பனைகள் வேர் தெரியச் சாய்கின்றன. வறட்சிக் காலத்தில் பற்றிய நெருப்பு மேலே அணைந்தது போலத் தோன்றினும், தரைக்கடியில் நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கிறது. வனத்தின் எல்லைக் கல்லுக்கு வெளியே வெட்டிய வடிகாலும் வனத்துக்குள் இருக்கும் நீரை உறிஞ்சும் என்பதால், காட்டைக் காடென்று அறிவித்து வேலி கட்டுவதோடு கடமை தீர்ந்துவிடாது. சுற்றுப்புற நிலத்தில் எதற்கு அனுமதி, வடிகால் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்டத்திலேயே தீர்மானித்தாக வேண்டும்.

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி நகராண்மைக் கழகம் அத்திட்டத்தின் வரைவைப் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கக் கடமைப்பட்டது. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றளவும் திரும்பாமல், கழக உறுப்பினர்கள் நியமனத்தாலேயே வரும் நாட்டில், சாதாரணக் குடிமகனுக்குத் திறந்திருக்கும் வாசல் அநேகமாக இது ஒன்றுதான். அந்த வரைவு அலுவலகச் சுவரில் தொங்கினால் மட்டும் போதுமா? குக்கூப் மீனவரும், அன்னாசி பயிரிடும் ஜாவானியச் சிறுதோட்டக்காரரும், தோட்டத்துத் தமிழரும் படித்தறியும்படி, அவரவர் மொழியில், கிராம மண்டபங்களில் வைத்து, சதுப்பின் எல்லையையும் நீரோடும் வழியையும் அதிகாரி ஒருவர் நேரில் விளக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

காப்புக் காட்டிலிருந்து நிலத்தை விலக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டுமென்று தேசிய வனச் சட்டத்தில் 2022-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் நல்ல முன்னேற்றமே. ஆனால் அது மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லுபடியாகும். ஏற்றுக்கொண்டாலும், வேறொரு மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த குக்கூப் போன்ற பூங்காக்களை அது தொடாது. ஆகவே, 1989-ஆம் ஆண்டின் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகச் சட்டத்திலும் அதே விசாரணைக் கடமையைச் சேர்க்கும் மசோதாவை மாநில அரசு கொண்டுவர வேண்டும். பொந்தியானின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி அதைக் கோர வேண்டும்.