செவிக்கு ஒரு நீதி, கண்ணுக்கு ஒரு நீதியா?

ஆலாபனையில் சொல் இல்லை. ஆயினும் நம் சங்க மேடையில் அதைக் கேட்டு மெய்மறக்கிறோம். வண்ணங்களே நிறைந்த ஓவியத்தின் முன் நின்றாலோ, "இது என்ன படம்?" என்று நகைக்கிறோம். இது எவ்வகை நியாயம்?

நம்மைப் போன்றே வடபுலம் பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றில், 1928இல் சிம்லாவில் பிறந்தவர் ஜெ. சுவாமிநாதன். மேலைநாட்டு மோகத்துக்கும் பழமைப் பகட்டுக்கும் பணியாது, ஒளிரும் வண்ணப் பரப்புகளைத் தீட்டினார். 1982இல் திறக்கப்பெற்ற போபால் பாரத் பவனில், பழங்குடியினரின் ஓவியங்களை நவீன ஓவியங்களுக்கு நிகராக வைத்தார். அவர் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

குற்றம் அவர்களுடையதன்று, நம்முடையது. ஆண்டுவிழா ஓவியப் போட்டியில், உருவம் வரையாது வண்ணம் மட்டுமே தீட்டும் குழந்தைக்கும் பரிசுண்டு என்று இவ்வாண்டே அறிவிப்போம்.