ஊதியமில்லா உழைப்புக்கு என்ன விருது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆலைகளில் ஊதியம் பெறும் உழைப்புக்கே பாராட்டுப் பலகை வைக்கிறார்கள். ஊதியமே இல்லாத உழைப்புக்கு என்ன செய்வது?

இணையத்தில் தமிழ் நிற்பது பெரும்பாலும் அத்தகைய உழைப்பின் மீதுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் தன்னார்வலர்களே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படி வளர்ந்ததுதான்.

தமிழக அரசின் முதலமைச்சர் கணினித் தமிழ் விருதை வரவேற்கிறேன். ஆனால், அது முழுமைபெற்ற மென்பொருளுக்கான பரிசு. பத்தாண்டுகளாகப் பிறர் கட்டுரைகளில் பிழை திருத்திவரும் ஒருவர் விண்ணப்பத்துடன் எதை இணைப்பார்? கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைத் தமிழ் விக்கிப்பீடியாவின் நிறுவனர் இ. மயூரநாதனுக்கு அளித்தது பொருத்தமானது. எனினும், நிறுவியவரை அடையாளம் காண்பது எளிது. தாங்கி நிற்பவர்களைக் காண்பதுதான் கடினம்.

அப்படியானால் பணம் கொடுத்துவிடலாமா? குருதிக்கு விலை வைத்தால் கொடையுணர்வு மங்கும் என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இலேயே எச்சரித்தார். நானும் பட்டறிந்தேன். நான் பணியாற்றிய கல்லூரியில், குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணினி கற்பித்த மாணவர்களுக்கு அகமதிப்பெண் வழங்கினோம். கூட்டம் பெருகியது. மதிப்பெண்ணை நிறுத்தியதும், முன்பு தாமாக வந்தவர்களும் வரவில்லை. யோசனை என்னுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாறாக, ஜெர்மன் விக்கிப்பீடியாவின் புதிய பங்களிப்பாளர்களிடம் ஆய்வு செய்த யானா காலுஸ் 2017-இல் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. ஒரு காசும் இல்லாத அடையாள விருது, அவர்கள் தொடர்ந்து பங்களிக்கும் அளவை 20 விழுக்காடு உயர்த்தியது. சக பங்களிப்பாளர்கள் தம்மைக் கவனித்தார்கள் என்ற உணர்வே அதற்குக் காரணம் என நினைக்கிறேன்.

2018-இல் கூகுள் ஆதரவுடன் நடந்த வேங்கைத் திட்டத்தில் விக்கிப்பீடியர்களுக்கு மடிக்கணினிகள் தரப்பட்டன. அதில் எனக்கு மறுப்பில்லை. கருவி வேறு, கூலி வேறு. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பரிசளிப்பதைத்தான் அஞ்சுகிறேன். அவ்வாறு செய்தால் இரண்டு வரிக் கட்டுரைகள் ஆயிரம் முளைக்கும். திருத்துபவர் எவரும் இருக்கமாட்டார்.

ஆவடி முதல் பூந்தமல்லி வரை பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இன்ன நூலின் இன்ன பக்கங்களை மெய்ப்புப் பார்த்தார், இன்ன மென்பொருளின் வழுவைக் களைந்தார் என்று பணியைப் பெயர் சுட்டி, உடன் உழைத்தவர்களே கையொப்பமிட்ட ஒரு சான்றை முதல் மூன்று மாதங்களுக்குள் புதியவரிடம் தரலாம். மேடையும் பொன்னாடையும் வேண்டாம். அமைச்சரின் தேதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.