பதினாறு பேருக்கு உலையேற்றிய தாய்



புனிதர்களின் வரலாறுகளை நாம் வாசிக்கின்றபோது துறவு மடங்களும் மறைபரப்புத் தளங்களும் மறைசாட்சிகளின் கொலைக்களங்களுமே பெரும்பாலும் நம் மனக்கண்முன் விரிகின்றன. விறகடுப்பின் முன்னே கண் எரிய நிற்கும் ஒரு கமக்காரனின் மனைவியை நாம் அங்கே தேடுவதில்லை. "பிள்ளைகளின் வேலையோடும் வயல் வேலையோடும் பொழுது போய்விடுகிறது, ஆற அமர்ந்து செபிக்க எனக்கு நேரம் எங்கே?" என்று மனம் வருந்துகின்ற தாய்மார் நம் பங்குகள் தோறும் இருக்கின்றனர். அத்தகைய தாய்மார் தம் சாயலைக் காணக்கூடிய ஒருவரைத் திருச்சபை அண்மைக் காலத்தில் பீடத்துக்கு உயர்த்தியிருக்கின்றது. அவரே போலந்து நாட்டின் மார்க்கோவா கிராமத்தைச் சேர்ந்த அருளாளர் விக்டோரியா உல்மா.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி அந்தக் கிராமத்திலேயே அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய கணவர் யோசேப்புக்கும் ஏழு பிள்ளைகளுக்கும் அதே நாளில், அதே திருப்பலியில் அச்சிறப்பு வழங்கப்பட்டது. ஒரு குடும்பம் முழுவதும் ஒருங்கே அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டது திருச்சபை வரலாற்றில் அதுவே முதற் தடவையாகும்.

விக்டோரியா 1912ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி மார்க்கோவாவில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஆயினும் சோர்ந்துவிடவில்லை. கிராமத்து நாடகங்களில் நடித்தார். அயலூரில் கிராமத்து இளைஞருக்காக நடத்தப்பட்ட வகுப்புகளுக்கும் சென்று கற்றார். 1935ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் திகதி யோசேப்பு உல்மாவின் கரம் பற்றினார். கணவர் அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பழமரக் கன்றுகளை வளர்த்துப் பரப்புவதிலும் தேனீ வளர்ப்பிலும் பட்டுப்புழு வளர்ப்பிலும் தேர்ந்தவர். நிழற்படம் எடுப்பதில் பெருவிருப்புடையவர்.

யோசேப்பு எடுத்த படங்கள் பல இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றில் விக்டோரியா நமக்கு அந்நியராகத் தோன்றுவதில்லை. இடுப்பிலே ஒரு குழந்தை, பாவாடையைப் பற்றியபடி இன்னொரு குழந்தை. முற்றத்து வேலை முடியாத வேளையிலும் முகத்தில் ஒரு சிறு புன்னகை. மேசையருகே அமர்ந்து மூத்த மகளுக்கு எழுதப் பழக்கும் படமும் உண்டு. ஸ்தனிஸ்லாவா, பார்பரா, விளாடிஸ்லாவ், பிரான்சிஸ், அந்தோனி, மரியா என்று 1936 முதல் 1942 வரையான ஆறு ஆண்டுகளில் ஆறு பிள்ளைகள் அந்த வீட்டிற் பிறந்தனர். இன்னும் நல்ல நிலம் தேடி வேறோர் இடத்தில் குடியேறும் எண்ணத்தோடு அத்தம்பதியர் காணியும் வாங்கியிருந்தனர். 1939இல் மூண்ட உலகப் போர் அக்கனவைக் கலைத்தது.

ஜேர்மன் நாஸிப் படைகள் போலந்தைக் கைப்பற்றின. யூதர்கள் முதலிற் சேரிகளில் அடைக்கப்பட்டனர். பின்னர் கொலை முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தப்பியோடும் யூதருக்கு ஒதுங்க இடம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை என 1941ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறப்பிக்கப்பட்டிருந்தது. 1942ஆம் ஆண்டில் மார்க்கோவா மக்கள் தம் ஊர் யூதர்கள் வேட்டையாடிக் கொல்லப்படுவதைக் கண்ணாரக் கண்டனர். அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் உல்மா வீட்டின் கதவு தட்டப்பட்டது.

வந்தவர்கள் எண்மர். சவுல் கோல்ட்மன் என்பவரும் அவருடைய நான்கு ஆண்மக்களும். கோல்டா, லேயா என்னும் இரு பெண்களும். லேயாவின் சின்னஞ்சிறு மகளும். ஊரின் ஓரத்திலிருந்த அந்தச் சிறிய வீட்டின் கூரைக்குக் கீழே இருந்த பரண் அவர்களின் புகலிடமாயிற்று. கீழே எண்மர், மேலே எண்மர். மொத்தம் பதினாறு பேர்.

அன்பான தாய்மாரே, இந்த இடத்தில் நாம் சற்றுத் தரித்து நிற்போம். மறைசாட்சியரின் மரணத்தைப் பற்றிப் பேசுகின்றபோது அந்த இறுதி நாளையே நாம் நினைக்கின்றோம். ஆனால் விக்டோரியாவின் தியாகம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம் நீடித்தது. போர்க்காலத்துப் பஞ்சத்தில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, நாளாந்தம் பதினாறு பேருக்கு உலையேற்றுவது என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மாவு எத்தனை நாளுக்குக் காணும்? இத்தனை பேரின் உடைகளைத் துவைத்து எங்கே உலர்த்துவது? கடையில் வழமையைவிட அதிகமாகப் பொருள் வாங்கினால் அயலவர் என்ன நினைப்பர்? விளையாடப் போகும் பிள்ளை வாய்தவறி எதையேனும் சொல்லிவிட்டால்? இந்தக் கவலைகளின் நடுவிலேதான் அத்தாய் ஒவ்வொரு காலையும் எழுந்தார். வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. சவுலும் மைந்தரும் யோசேப்புடன் சேர்ந்து தோல் பதனிட்டனர். வீட்டு வேலைகளிலும் கைகொடுத்தனர். ஒரே கூரையின் கீழ் இரண்டு சமயத்தாரின் மன்றாட்டும் இறைவனை நோக்கி எழுந்தது.

இத்துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? உல்மா வீட்டுத் திருவிவிலியம் அதற்கு விடை சொல்கின்றது. அதிலே நல்ல சமாரியர் உவமைக்கான தலைப்பின் கீழே கோடிடப்பட்டிருக்கின்றது. அருகே, போலந்து மொழியில் ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருக்கின்றது. அச்சொல் "ஆம்" என்பதாகும். நம்மை நேசிப்பவர்களை மாத்திரம் நேசிப்பதால் என்ன பயன் என்று ஆண்டவர் வினவும் பகுதியும் அவ்வாறே கோடிடப்பட்டிருக்கின்றது. திருவிவிலியத்தை வாசிப்போர் பலர். ஓரத்தில் "ஆம்" என்று எழுதி, அந்த எழுத்துக்குத் தம் வீட்டையே சாட்சியாக வைப்போர் சிலரே.

1944ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி விடிவதற்கு முன் ஜேர்மன் காவற்படையினர் அவ்வீட்டைச் சூழ்ந்தனர். முதலில் யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் யோசேப்பும், நிறைமாதக் கர்ப்பிணியாயிருந்த விக்டோரியாவும் வீட்டின் முன்னே சுடப்பட்டனர். அழுதுகொண்டு நின்ற ஆறு பிள்ளைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மூத்தவளுக்கு ஏழு வயது. இளையவளுக்கு ஒன்றரை வயது. சில நாட்களின் பின் ஊரவர் இரகசியமாகக் குழியைத் தோண்டி உடல்களைப் பேழையில் வைத்தபோது, அத்தாய்க்கு அந்த மரண வேளையிலேயே பேறு தொடங்கியிருந்ததைக் கண்டனர். பெயர் சூட்டப்படாத அந்த ஏழாவது பிள்ளை தன் இரத்தத்தினாலேயே திருமுழுக்குப் பெற்றது என்று திருச்சபை ஏற்றுக்கொண்டுள்ளது. அன்னை மரியாள் வானதூதரிடம் "ஆம்" எனச் சொன்ன நாளைத் திருச்சபை மார்ச் 25இல் கொண்டாடுகின்றது. விக்டோரியாவின் "ஆம்" அதற்கு முந்திய நாளில் நிறைவெய்தியது. அப்போது அவருக்கு வயது 31.

அவர்களைக் காட்டிக் கொடுத்தவர் யார்? கோல்ட்மன் குடும்பத்தாருக்கு முன்னர் உதவி செய்து, அவர்களின் சொத்துக்களைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ஒரு காவல்துறையாளரே என்று நம்பப்படுகின்றது. உடைமையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதபோது உடையவரின் உயிரே பாரமாகிவிடுகின்றது. நம்பி ஒப்படைத்த பொருளைப் பற்றிக்கொள்ள ஒரு வீடு எட்டு உயிர்களை விற்றது. தன் பிள்ளைகளின் அப்பத்தையே பகிர்ந்து இன்னொரு வீடு அந்த எட்டு உயிர்களையும் தாங்கியது. இரண்டும் ஞானஸ்நானம் பெற்றோர் வாழ்ந்த ஒரே நாட்டில் இருந்த வீடுகளே.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு; அதை மறைக்கவும் கூடாது. ஒரு தாய் மற்றவரின் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளைகளை ஆபத்தில் வைக்கலாமா? இக்கேள்வியை இலகுவாகக் கடந்துவிட முடியாது. அன்று அச்சத்தினால் கதவைத் திறவாதிருந்த தாய்மாரைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையில்லை. அவர்களின் கண்ணீரை இறைவன் அறிவார். அந்தப் பிள்ளைகளின் இரத்தப்பழி கொன்றவர்கள் மீதே உள்ளது. விக்டோரியா சாவைத் தேடியவர் அல்லர். தம் பிள்ளைகள் வளர்ந்து, பழமரங்கள் காய்த்து, புதுக் காணியிற் குடியேற வேண்டும் என்றே அவர் விரும்பினார். ஆனால் லேயாவின் கையிலும் ஒரு குழந்தை இருந்தது. அந்தக் குழந்தையை இருளுக்குள் அனுப்பிவிட்டுத் தன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாட அவரால் முடியவில்லை. பிள்ளைகளுக்கு உயிரைக் காத்துக் கொடுப்பது தாயின் கடமை. எதற்காக உயிர் வாழ வேண்டும் என்று காட்டிக் கொடுப்பதும் அவளுடைய கடமையே. இந்த இரண்டு கடமைகளும் மோதிக்கொண்ட ஒரு கொடிய காலத்தில் அவர் இறைவனை நம்பிக் கதவைத் திறந்தார்.

அந்தக் கொலையோடு மார்க்கோவா அடங்கிவிடும் என்றே கொலையாளிகள் எண்ணினர். ஆனால் அதே ஊரின் வேறு வீடுகளில் மறைந்திருந்த யூதர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் போர் முடியும்வரை உயிர் தப்பினர். உல்மா வீட்டின் கதியைக் கண்ட பின்னரும் ஏனைய தாய்மார் உலையேற்றுவதை நிறுத்தவில்லை என்பதே இதன் பொருள். யூத மக்களின் சார்பில் இஸ்ரேலின் யாட் வஷேம் நினைவகம் 1995ஆம் ஆண்டில் யோசேப்பையும் விக்டோரியாவையும் நீதிமான்களின் வரிசையிற் சேர்த்தது. 2018ஆம் ஆண்டு முதல் மார்ச் 24ஆம் திகதி, யூதர்களைக் காத்தவர்களின் தேசிய நினைவு நாளாகப் போலந்தில் அனுசரிக்கப்படுகின்றது. திருச்சபையோ அருளாளர்களான அக்குடும்பத்தாரின் திருநாளாக அவர்கள் இறந்த நாளைத் தெரிவு செய்யவில்லை. அவர்களின் திருமண நாளான ஜூலை 7ஐத் தெரிவு செய்தது. அவர்களின் சாவுக்கு வேர் அந்தத் திருமண வாக்குறுதியிலேயே இருந்தது என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

ஜூலை மாதம் என்றதும் நம் நெஞ்சில் வேறு நினைவுகளும் எழுகின்றன. 1983இல் தம் தமிழ் அயலவரைத் தம் வீட்டிலே மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் இருந்தன. பின்வந்த இடப்பெயர்வுக் காலங்களில், முன்பின் அறியாதவருக்குத் திண்ணையை ஒதுக்கி, இருந்த அரிசியிற் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்த தாய்மார் நம் ஊர்கள் தோறும் இருந்தனர். அவர்களின் பெயர்கள் எந்தப் பீடத்திலும் எழுதப்படவில்லை. எனினும் கதவு திறக்கப்பட்டதால் உயிரோடிருப்பவர்கள் நம்மிடையே வாழ்கின்றார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வரலாறு இருக்குமாயின், அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இன்று நம் கதவைத் தட்டுவோர் வேறு வடிவில் வருகின்றனர். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, தனித்துப்போன முதியவர். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளை. ஊரார் ஒதுக்கிவைத்த ஒரு குடும்பம். நம் மொழியோ சமயமோ அல்லாத அயலவர். அவர்களுக்குக் கதவைத் திறப்பதால் நம் உயிருக்கு ஆபத்தில்லை. சிறிது நேரமும் ஒரு பிடி அரிசியும் சற்றுச் சிரமமுமே செலவாகும். இந்த வாரம் உங்கள் உலையில் ஒருவருக்காகக் கூடுதலாக ஒரு பிடி அரிசி இடுங்கள். அது யாருக்கென்று பிள்ளைகள் கேட்டால், விக்டோரியா என்ற தாயைப் பற்றிச் சொல்லுங்கள்.

அடுப்படியிலேயே தம் செபத்தை வாழ்வாக்கிய அருளாளர் விக்டோரியா, நம் தாய்மாருக்காக இறைவனிடம் பரிந்து பேசுவாராக. நம் வீடுகளின் கதவுகளைத் திறக்கும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.