ஈ.டி. படமும் ஒரு கெளுத்தி முள்ளும்

போன வாரம் நைட் டியூட்டி முடிஞ்சு தூக்கம் வராம ஈ.டி. படத்தை மறுபடியும் பார்த்தேன். ஸ்பீல்பெர்க் எடுத்தது, 1982. நான் பிறக்குறதுக்கு முன்னாடி வந்த படம். பள்ளிக்கூட வயசுல டிவியில பார்த்தப்போ நிலாவுக்கு முன்னாடி சைக்கிள் பறக்குற காட்சிதான் மனசுல நின்னுச்சு. இந்தத் தடவை நின்னது டாக்டர்கள் வர்ற காட்சி.

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. பொறுமையா படிங்க.

கதை தெரியாதவங்களுக்கு: வேற்றுக்கிரகத்து ஜீவன் ஒண்ணு பூமியில தனியா மாட்டிக்குது. எலியட்னு ஒரு சின்னப் பையன் அதை வீட்ல ஒளிச்சு வச்சுக் காப்பாத்துறான். சிநேகம் எவ்வளவு நெருக்கம்னா அதுக்கு வலிச்சா இவனுக்கும் வலிக்கும். படத்துல பெரியவங்க முகத்தையே, அம்மாவைத் தவிர, ரொம்ப நேரம் காட்ட மாட்டாங்க. கேமரா குழந்தைங்க உயரத்துலயே இருக்கும்.

அப்புறம் ஈ.டி.க்கு உடம்பு முடியாமப் போகும். வீட்டையே பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, தலை முதல் கால் வரை கவச உடை போட்டு ஒரு கூட்டம் உள்ள வரும். கோவிட் வார்டுல பிபிஇ கிட் போட்ட எங்களைப் பார்த்து குழந்தைங்க ஏன் அப்படி அலறினாங்கன்னு அந்தக் காட்சியைப் பார்த்தா புரியும்.

ஸ்பீல்பெர்க் அதுக்கு நடிகர்களை வைக்கல, நிஜ டாக்டர்களையே நடிக்க வச்சார். அதனாலதான் அவ்வளவு பரிச்சயமா இருக்கு. நெஞ்சை அழுத்துறாங்க, ஷாக் குடுக்குறாங்க, டிஎன்ஏ இருக்குன்னு ஒருத்தர் கத்துறார். யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாரும் ஓடி ஓடி வேலை செய்யுறாங்க. ஆனா அந்த ஜீவனைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு பக்கத்துக் கட்டில்ல படுத்துக் கத்திக்கிட்டு இருக்கான். சாவிக்கொத்தோட வர்ற ஒரே ஒரு அதிகாரி மட்டும்தான் அவன்கிட்ட குனிஞ்சு, நாங்க செய்யாம விட்டது என்னன்னு கேட்பார்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்துடுச்சு.

நான் வேலை பார்க்குறது எளாவூர் பக்கம். கிழக்கே போனா பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினா ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புறதை வீட்டு வாசல்லேர்ந்தே பார்த்து வளர்ற பசங்க, விண்கலத்துக்கெல்லாம் அசர மாட்டாங்க. அன்னிக்கு ஒரு மீனவக் குடும்பத்துப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. ஒன்பது வயசு இருக்கும். கால் வீங்கி, வலியில துடிக்கிறான். "தண்ணியில ஏதோ கடிச்சிருக்கு சார், பாம்பாத்தான் இருக்கும்"னார் அப்பா.

கூடவே அதே வயசுல இன்னொரு பையன், சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னான்.

"இது யாரு?"

"எங்க பையன் இல்ல சார். இருளர் வீட்டுப் பையன்."

"ஒருத்தர் மட்டும் கூட இருங்க, மத்தவங்க வெளிய"ன்னேன். அவன் போயிட்டான். உள்ள இவன் அழுகை ரெண்டு மடங்காச்சு. வலிக்குத்தான் அழுறான்னு நினைச்சேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். ஏரியில மீனவக் குடும்பங்களுக்கு பாடு முறை உண்டு. எந்த இடத்துல யாரு எந்த நாள் வலை போடுறதுன்னு முறை வச்சிருப்பாங்க. இருளர்கள் அந்த முறைக்குள்ள இல்ல. ஓலைப்பறியைப் பல்லுல கவ்விக்கிட்டு, சேத்துல கையால துழாவி இறால் பிடிக்கிறவங்க. ரெண்டு பக்கமும் பெரியவங்களுக்குள்ள உரசல் இருக்கு. இந்த ரெண்டு பசங்க எப்படி சிநேகமானாங்கன்னு அவங்க அப்பாக்களுக்கே தெரியாது.

நான் ரத்தம் எடுத்து, இருபது நிமிஷத்துல உறையுதான்னு பார்க்க வச்சுட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 108-ஐக் கூப்பிடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்போ சிஸ்டர் வந்து, "சார், வெளிய அந்தப் பையன் என்னமோ காட்டுறான்"னாங்க.

உள்ளங்கையில ஒரு முள். "கெளுத்தி சார். நான்தான் புடுங்குனேன்."

பாம்பு இல்ல. கெளுத்தி மீனோட முள்.

தாங்குற சூட்டுல வெந்நீர்ல காலை வச்சோம். அரை மணி நேரத்துல வலி பாதியாச்சு. முள் மிச்சம் இருக்கான்னு பார்த்து, டிடி ஊசி போட்டு, சந்தேகத்துக்கு ராத்திரி முழுக்க கண்காணிப்புல வச்சுக்கிட்டோம். (பாம்பா மீனான்னு தெரியலன்னா வீட்ல வெந்நீர் வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. உடனே வந்துடுங்க.)

ஹிஸ்டரி கேட்டா பாதி நோய் தெரிஞ்சுடும்னு எம்பிபிஎஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. அந்த ஹிஸ்டரியை நானே கதவுக்கு வெளிய அனுப்பியிருக்கேன். அவன் இருளர் பையன்னு இல்லாம மாமா பையன்னு சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனா? இந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் இல்ல.

சத்யஜித் ரே 1962-லயே இப்படி ஒரு கதை எழுதினார். ஊரே கேலி பண்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை வேற்றுக்கிரகவாசி சந்திக்கும். 1967-ல 'தி ஏலியன்'னு திரைக்கதை எழுதி ஹாலிவுட் வரை போனார், படம் எடுக்க முடியல. அதுல விண்கலம் வங்காளத்துல ஒரு கிராமத்துக் குளத்துல இறங்கும். சிநேகம் ஆகுறது ஒரு ஏழைப் பையன். ஈ.டி. வந்தப்போ தன் திரைக்கதையோட சாயல் இருக்குன்னு ரே வருத்தப்பட்டார், ஸ்பீல்பெர்க் மறுத்தார். அந்த வழக்குக்குள்ள நான் போகல. ரெண்டு பேருமே உண்மை தெரிஞ்ச ஆளா தேர்ந்தெடுத்தது, யாரும் பேச்சைக் கேட்காத ஒருத்தரை.

கேஷுவாலிட்டில ஒரு பேஷன்ட்டுக்கு பதினஞ்சு பேர் நின்னா வேலை செய்ய முடியாது. வெளிய போங்கன்னு இனியும் சொல்லத்தான் செய்வேன். ஆனா இப்போல்லாம், "நடந்தப்போ கூட இருந்தது யாரு?"ன்னு கேட்டுட்டுத்தான் சொல்றேன். நாங்க கேட்க மறந்தா நீங்களா சொல்லுங்க. கதவைத் தட்டியாவது சொல்லுங்க.

மறுநாள் காலைல டிஸ்சார்ஜ். ராத்திரி முழுக்க வராண்டா பெஞ்சுல படுத்திருந்த அந்தப் பையன், இவன் நடக்குறதைப் பார்த்துட்டு ஊர்ப் பக்கம் நடக்க ஆரம்பிச்சான். அப்பா பைக்கை ஸ்டார்ட் பண்ணார். வீங்கின காலோட இவன் பைக்லேர்ந்து இறங்கி நின்னுட்டான். ஏற மாட்டேங்கிறான். அப்பா என்னைப் பார்த்தார், நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே ஹாரன் அடிச்சு அவனையும் கூப்பிட்டார்.