வெளிநாடு கிளம்புறீங்களா? டேட்டா கிடைச்சிடும்... ஓடிபி வருமா?

ஜூலை மாதம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு பத்தரை மணி. ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் வந்திருக்கிறீர்கள். மறுநாள் காலை மியூனிக் போக ரயில் டிக்கெட் போட வேண்டும். கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி எல்லாம் அடித்தாச்சு. திரையில் ஒரு வரி வருகிறது: உங்கள் பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்.

அந்த எண்ணின் சிம் உங்களிடம் இல்லை. 'அங்க போய் லோக்கல் சிம் வாங்கிக்கலாம்' என்று இந்திய சிம்மைக் கழற்றி, வீட்டில் இருக்கும் பழைய போனில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஊரில் அப்போது நள்ளிரவு 2 மணி. வேறு வழியில்லாமல் போன் போடுகிறீர்கள்: "அம்மா, தூங்கிட்டியா? அந்தப் பழைய போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் பாத்து சொல்லேன்."

யார் போன் பண்ணிக் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று போன மாதம்தான் அதே அம்மாவுக்கு நீங்கள் பாடம் எடுத்திருப்பீர்கள். இப்போது அந்தப் பாடத்தை நீங்களே உடைக்கிறீர்கள். அடுத்த முறை வேறு யாராவது பதற்றமான குரலில் கேட்டால் அவர் என்ன செய்வார் என்பது தனிக் கவலை.

வெளிநாட்டில் இணையம் கிடைப்பது இன்று பெரிய பிரச்னை இல்லை. விமான நிலையத்தில் வைஃபை இருக்கிறது, கவுன்ட்டரில் சிம் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே இ-சிம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நம்முடைய பத்து இலக்க எண் வெறும் போன் நம்பராக இல்லை. வங்கி, யுபிஐ, வாட்ஸ்அப், ஆதார் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. அதனால் பயணத்துக்கு முன் கேட்க வேண்டியது 'எந்த பேக் சீப்?' என்பது மட்டும் அல்ல. 'டேட்டா எங்கிருந்து வரும், என் எண் எப்படி உயிரோடு இருக்கும்?' என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

வழிகள் என்னென்ன?

முதல் வழி, உங்கள் இந்திய நிறுவனத்தின் சர்வதேச ரோமிங் பேக். சுலபமானது, எண் மாறாது, சிம் மாற்ற வேண்டாம், ஓடிபி வரும். நான்கைந்து நாள் ட்ரிப் என்றால் பணத்தைப் பார்க்காமல் இதையே எடுக்கலாம் என்பேன். ஆனால் பேக் போடாமல் டேட்டாவை ஆன் செய்தால் கட்டணம் எம்பி கணக்கில் ஓடும். ஒரு ரீல்ஸ் பார்த்து முடிப்பதற்குள் சில நூறு ரூபாய் போய்விடலாம்.

இரண்டாவது, போகிற நாட்டில் உள்ளூர் சிம். நீண்ட நாள் தங்குபவர்களுக்கு இதுதான் மலிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் வாங்கிய சிம் பிரான்சிலும் இத்தாலியிலும் சாதாரணமாக வேலை செய்யும். பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் இந்த விதிக்குள் வராது, அங்கே போகிறவர்கள் பேக்கில் அந்த நாடுகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பயண இ-சிம். பிளாஸ்டிக் அட்டை கிடையாது. ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போனுக்குள் இரண்டாவது இணைப்பு வந்துவிடும். இந்திய சிம்மை அதன் இடத்திலிருந்து எடுக்கவே வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம். உங்கள் போனில் இந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு 'ஈஐடி' என்று 32 இலக்க எண் ஒன்றும் தெரிந்தால், இருக்கிறது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்காது. அப்படியானால், இரண்டு சிம் போடும் இடத்தில் ஒன்றில் உள்ளூர் சிம்மைப் போடுங்கள். இந்திய சிம் மற்றொன்றில் இருக்கட்டும்.

ஓடிபி ஏன் இவ்வளவு முக்கியம்?

2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் கைக்கு வரும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களாகத்தான் ஆன் செய்ய வேண்டும். எங்கே? வங்கியின் ஆப்பில். அந்த ஆப் உங்கள் சிம்மை சரிபார்க்கும், அல்லது ஓடிபி கேட்கும். ஆக, வெளிநாட்டில் இறங்கிய பிறகு சிம் இல்லாமல் கார்டை ஆன் செய்ய நினைத்தால் பூட்டின் சாவி பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைதான். இதைக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே முடித்துவிடுங்கள்.

இதுவரை பல வெளிநாட்டு இணையதளங்களில் இந்திய கார்டு ஓடிபி இல்லாமலே ஓடியது. இனி அது குறையும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய விதிகளில், வெளிநாட்டு வணிகர் கூடுதல் சரிபார்ப்பு கேட்டால் அதைச் செய்து தரும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1-க்குள் வங்கிகள் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது. மோசடியைத் தடுக்க நல்லதுதான். ஆனால் ஹோட்டல் லாபியில் நின்றுகொண்டு ஓடிபிக்காகக் காத்திருக்கும் தருணங்கள் கூடும்.

அதே விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் எஸ்எம்எஸ் தவிர வேறு வழிகளுக்கும் இடம் தருகின்றன. ஆப்பிலேயே ஒப்புதல், கைரேகை என்றெல்லாம் வங்கிகள் கொண்டுவரலாம். சில வங்கிகள் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்புகின்றன. உங்கள் வங்கியில் எது இருக்கிறது என்று இப்போதே கேட்டு, ஆன் செய்து வையுங்கள். வசதியைக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பதில் நம் வங்கிகளை யாரும் மிஞ்ச முடியாது.

யுபிஐ? சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை, நேபாளம், பூட்டான், மொரீஷியஸ் போன்ற நாடுகளில் சில கடைகளில் இந்திய யுபிஐ எடுபடும். பிரான்சில் 2024-இல் ஈஃபிள் கோபுர டிக்கெட்டில் தொடங்கினார்கள். ஆனால் ஆப்பில் சர்வதேச யுபிஐயைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். சிம்மை வெளியே எடுத்தால் ஆப் மறுபடி பதிவு செய்யச் சொல்லலாம். அப்போது உங்கள் இந்திய எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். யுபிஐயை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கையில் ஒரு கார்டும் கொஞ்சம் அந்த நாட்டுப் பணமும் இருக்கட்டும்.

போனில் என்ன மாற்ற வேண்டும்?

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். உங்கள் போனில் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'டேட்டா ரோமிங்' என்று தனித்தனி பட்டன் இருக்கும். இந்திய சிம்மில் அது ஆஃப். பயண இ-சிம்மில் அது ஆன். 'ரோமிங்கை ஆன் பண்ணினால் பில் எகிறும்' என்ற பயத்தில் இரண்டையும் அணைத்துவிட்டு, இ-சிம் வேலை செய்யவில்லை என்று கஸ்டமர் கேருக்கு எழுதுபவர்கள் நிறைய. பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் இணைப்பு. அதற்கு நீங்கள் போகிற நாடும் ரோமிங்தான். பணம் ஏற்கெனவே கட்டிவிட்டதால் ஆன் செய்ய பயம் வேண்டாம்.

இன்னொரு பட்டன் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி அது. ஐபோனில் செல்லுலார் டேட்டா செட்டிங்ஸிலும், பல ஆண்ட்ராய்டு போன்களில் சிம் மேனேஜரிலும் இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள்.

இந்திய சிம்மில் டேட்டாவை அணைத்தாலும் ரோமிங் சேவையை அணைக்கக் கூடாது. இரண்டும் வேறு. ரோமிங் சேவை என்பது உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் அல்லது கஸ்டமர் கேரில் நீங்கள் கேட்டு இயக்குவது. அது இருந்தால்தான் அந்த நாட்டு டவரில் உங்கள் சிம் பதிவாகும், எஸ்எம்எஸ் வரும். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அழைப்பு அப்படி இல்லை. பேக் இல்லாமல் கிரெடிட் கார்டு விற்கும் போனை எடுத்து "வேண்டாங்க" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்கும் நிமிடக் கணக்கில் காசு. ப்ரீபெய்டு எண் என்றால் அடிப்படை ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். பயணத்தின் நடுவில் அது காலாவதியானால் ஓடிபி நின்றுவிடும்.

இ-சிம்மை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவுங்கள். க்யூஆர் கோடு உங்கள் போனிலேயே மெயிலில் வந்திருந்தால் அதே போனால் அதை ஸ்கேன் செய்வது எல்லா மாடலிலும் நடக்காது. லேப்டாப்பில் திறந்து ஸ்கேன் செய்யலாம். வேலிடிட்டி நிறுவிய நாளிலிருந்தா, அந்த நாட்டு நெட்வொர்க்கில் சேர்ந்த நாளிலிருந்தா என்று படித்துவிட்டு நிறுவுங்கள். 'வேலை செய்யல' என்று கோபத்தில் டெலீட் மட்டும் செய்யாதீர்கள். பல க்யூஆர் கோடுகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும்.

துபாய் அல்லது தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. இறங்கியதும் அந்த நாட்டு நெட்வொர்க்கின் வரவேற்பு எஸ்எம்எஸ் இந்திய எண்ணுக்கு வந்தால், ரோமிங் சேவை இயங்குகிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் விமான நிலைய வைஃபையில் உட்கார்ந்து சரி செய்ய உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. டேட்டாவை மட்டும் அங்கே ஆன் செய்யாதீர்கள், உங்கள் பேக்கில் அந்த நாடு இல்லாமல் போகலாம். விமானத்திலும் கப்பலிலும் தனி நெட்வொர்க் உண்டு, அதற்குக் கட்டணமும் தனி. ஏரோப்ளேன் மோடை மறக்காதீர்கள்.

இ-சிம் ஆப்கள் ஏன் மறைந்தன?

2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு பிரபல இ-சிம் ஆப்கள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றின் இணையதளங்களையும் முடக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்மை இந்தியாவில் விற்க அந்தத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். வாங்குபவரின் பாஸ்போர்ட் போன்ற ஆவணங்களையும் வாங்கி வைக்க வேண்டும். அடையாளம் தெரியாத வெளிநாட்டு இணைப்புகள் சைபர் மோசடிக்குப் பயன்படுகின்றன என்பது அரசின் கவலை. அந்தக் கவலை பொய் இல்லை. ஆனால் விதியைப் பின்பற்றுபவர் யார் என்று பயணிக்கு எளிதாகத் தெரியும்படி ஒரு பட்டியல் கண்ணெதிரே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இப்போதைக்கு ஓர் அடையாளம்: பாஸ்போர்ட் நகல் கேட்கும் விற்பனையாளர் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை, விதிப்படி நடக்கிறார்.

சில நாடுகளில் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே என்ன ஆப் திறக்கும் என்பதை முடிவு செய்யும். சீனாவில் உள்ளூர் சிம் போட்டால் கூகுள், வாட்ஸ்அப் எதுவும் வராது. இந்திய ரோமிங்கில் போனால் வரும். ரோமிங் டேட்டா நம் நாட்டு நிறுவனம் வழியாகச் சுற்றிப் போவதுதான் காரணம். ஷென்ஜென், குவாங்சோ என்று வேலையாகப் போகிறவர்கள் காசு கூடினாலும் ரோமிங் எடுப்பது இதனால்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் என்றால்?

படிக்கவோ ஆன்சைட்டுக்கோ போகிறவர்கள் எண்ணை மறந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று டிராய் உச்ச நீதிமன்றத்திலேயே 2023-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் பதிந்த எண் முகம் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேரும். குறைந்தபட்ச ரீசார்ஜுக்கு நாள்காட்டியில் நினைவூட்டல் போடுங்கள், அல்லது போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள்.

சிம்மை வீட்டில் விட்டுப் போவதற்கு இன்னொரு தடையும் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற ஆப்கள் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சிம் போனில் இருந்து ரோமிங்கில் இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கம் தந்தது. அதாவது, சிம் உங்களோடு விமானம் ஏற வேண்டும்.

நீண்ட நாள் தங்கி என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குக்கு மாறிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம் உட்பட 10 நாடுகளின் எண்களிலேயே யுபிஐ பதிய 2023-இல் என்பிசிஐ அனுமதி தந்தது. உங்கள் வங்கி அதைச் செய்கிறதா என்று கேளுங்கள்.

திரும்பி வரும்போது ஒன்று. விமானம் சென்னையிலோ பெங்களூருவிலோ இறங்கியதும் டேட்டாவை மறுபடி இந்திய சிம்முக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கேப் புக் பண்ண முடியாமல் வாசலில் நின்றுகொண்டு, 'நம்ம ஊர் நெட்வொர்க்கே இப்படித்தான்' என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள்.